பதினெட்டு வயதுக்குப் பின்: அறிவுசார் குறைபாடும் அரசு நிதியும்

1. கேள்வி

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நாமக்கல்லுக்கு முன்னதாக வரும் ஊர் புதுச்சத்திரம். நாமக்கல் மாவட்டத்தின் 15 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்கு அதுவே தலைமையிடம். கோழிப்பண்ணை, மரவள்ளிக் காடு, சேகோ ஆலை, லாரித் தொழில் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பு அமைந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் குடும்பம் நடக்கும் என்பது இங்கே பெரும்பாலான வீடுகளின் நிலை. அப்படிப்பட்ட வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் இருந்தால், இருவரில் ஒருவர் வீட்டோடு நின்றுவிட நேர்கிறது. நிற்பவர் பெரும்பாலும் தாய்.

இக்கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இத்தகைய ஓர் ஊரக ஒன்றியத்தில் வாழும் அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு, பிறப்பிலிருந்து முதுமை வரை, அரசின் பணம் எந்த வழியாக, எந்த வடிவில், எந்த வயது வரை வந்து சேர்கிறது? தமிழ்நாடு இத்துறையில் செலவிடாத மாநிலம் அல்ல. பல மாநிலங்களைவிடக் கூடுதலாகவே செலவிடுகிறது. ஆயினும் அந்தப் பணம் ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, அல்லது ஏற்கெனவே இயங்கும் ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. ஓர் ஊருக்கென்று போவதில்லை. சேவை ஊரில் இல்லாமைக்கு நிதிப் பற்றாக்குறையைவிட நிதி பகிரப்படும் முறையே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. சட்டங்கள் தந்ததும் தராததும்

அறிவுசார் குறைபாடு மனநோய் அன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டபோது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து நடத்தியது. காப்பகங்களின் உரிமம் பற்றிய கண்காணிப்பு இறுகியது. அந்தக் கவனம் மனநலச் சட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டைத் தன் வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. எனவே இக்குழுவினருக்கான உரிமைகளை வேறு மூன்று சட்டங்களில் தேட வேண்டும்.

முதலாவது, 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம். அது அங்கீகரித்த ஏழு வகைக் குறைபாடுகளில் அறிவுசார் குறைபாடும் ஒன்று. ஆனால் அச்சட்டம் தந்த 3 விழுக்காடு வேலை ஒதுக்கீடு பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகளுக்கு மட்டுமே பகிரப்பட்டது. அறிவுசார் குறைபாடு அந்த ஒதுக்கீட்டில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையும் உள்ளடக்கிய இச்சட்டம், ‘எங்கள் காலத்துக்குப் பிறகு யார்?’ என்று பெற்றோர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்விக்கு விடையாக வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் மட்டக் குழு அமைத்து, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க அது வழிசெய்தது. நாடு முழுமைக்கும் 100 கோடி ரூபாய் மூலதன நிதி ஒதுக்கப்பட்டது. மருத்துவப் பரிசோதனை எதுவும் இன்றிச் சேரக்கூடிய, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவை ஈடுசெய்யும் ‘நிராமயா’ காப்பீடு இதன் வழியே வந்த பயனுள்ள ஏற்பாடு. இருப்பினும் இச்சட்டம் தெளிவாகத் தீர்த்துவைத்தது கையெழுத்துப் பிரச்சினையை. வங்கியில், பத்திரப் பதிவில், மருத்துவமனையில் யார் ஒப்பமிடுவது என்பதற்கு விடை கிடைத்தது. காலையில் யார் குளிப்பாட்டிவிடுவது, பகலில் யார் உடன் இருப்பது என்பதற்கு அறக்கட்டளை சில திட்டங்களை வகுத்தது. திஷா, விகாஸ், சமர்த், கரௌண்டா என்ற பெயர்களில் முறையே ஆரம்பநிலைப் பயிற்சி, பகல்நேரப் பராமரிப்பு, இடைக்காலத் தங்கல், நிரந்தரக் குழு இல்லம் ஆகியவை அதில் அடங்கும். பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்து நடத்தினால்தான் இவை உண்டு.

மூன்றாவது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையிலுள்ள 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றதன் தொடர்ச்சி இது. குறைபாட்டு வகைகள் 21 ஆயின. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குள் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலியவற்றுக்குச் சேர்த்து 1 விழுக்காடு கிடைத்தது. சமூகப் பாதுகாப்பைப் பற்றிய 24ஆம் பிரிவு, பிறருக்கு வழங்கும் அதேவகை உதவியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குத் தர வேண்டும் என்கிறது. அதே பிரிவின் தொடக்கத்தில் ‘அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையும் நிற்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோர் தனியே விண்ணப்பிக்கலாம் என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆதரவை எந்த அலுவலகம், எந்த ஊரில், எந்தப் பணியாளரைக் கொண்டு தரும் என்பதை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

மூன்று சட்டங்களும் தனிமனிதருக்கு உரிமை தருகின்றன. எந்தச் சட்டமும் ஓர் ஒன்றியத்தில் இத்தனை பேருக்கு ஒரு பகல்நேர மையம் என்று அளவு வைக்கவில்லை. அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அப்படி மக்கள்தொகை அளவு இருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது.

3. எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களில் அறிவுசார் குறைபாடு என்று பதிவானவர்கள் 1,00,847 பேர். மாநில மக்கள்தொகையில் 0.14 விழுக்காடு. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் இதை ஏறத்தாழ 1 விழுக்காடு என்கின்றன. இரண்டுக்கும் ஏழு மடங்கு இடைவெளி.

இந்த இடைவெளியை எப்படிப் புரிந்துகொள்வது? கணக்கெடுப்பாளரிடம் மறைக்கும் குடும்பங்கள் உண்டு, அக்காளுக்கு வரன் தேடும் நேரத்தில் தம்பியின் பெயரை அந்தப் பத்தியில் எழுத யாருக்கும் மனம் வராது என்பது ஒரு விளக்கம். லேசான குறைபாடு உள்ளவர் ‘கொஞ்சம் மந்தம்’ என்ற அளவில் ஊரோடு ஒட்டிக் காட்டு வேலையும் பண்ணை வேலையும் செய்துவருவதால் குறைபாடாகவே கருதப்படுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அறிவுசார் குறைபாடுள்ளோரில் மிகப் பெரும்பான்மையோர் லேசான வகையினரே. அவர்களை எல்லாம் பயனாளிகளாக எண்ணிக் கொண்டு வாதிடுவது மிகைப்படுத்தலாகும்.

எனவே கடுமையான அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். மிதமானது முதல் மிகக் கடுமையானது வரை, அன்றாடம் ஒருவருடைய துணை தேவைப்படுவோர் ஆயிரத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நாமக்கல் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 17,26,601. அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஊரகம். 15 ஒன்றியங்களுக்கும் பகிர்ந்தால் ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக 70,000 பேர் அளவில் வரும். அப்படியானால் புதுச்சத்திரம் போன்ற ஓர் ஒன்றியத்தில் அன்றாடத் துணை தேவைப்படுவோர் 210 முதல் 280 பேர் வரை இருக்கக்கூடும். மாநிலத்தின் 0.14 விழுக்காட்டை அப்படியே பொருத்தினால் சுமார் 100 பேர். எந்தக் கணக்கை ஏற்றாலும், அது ஒரு தொடக்கப் பள்ளிக்கோ இரண்டு மூன்று பள்ளிகளுக்கோ நிகரான எண்ணிக்கை. தொடக்கப் பள்ளி இல்லாத ஒன்றியத்தை இன்று கற்பனை செய்ய முடியாது.

4. முதல் வழி: கைக்கு வரும் தொகை

அரசின் பணம் குடும்பத்தை அடைய முதற்படி சான்றிதழ். 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்த வழிகாட்டுதலின்படி, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் பெறும் மதிப்பெண்ணை வைத்துக் குறைபாட்டின் விழுக்காடு முடிவாகும். லேசானது என்றால் 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. இந்த அளவுகோலின் இந்திய வடிவத்தில் 89 கேள்விகள். அவை குழந்தையிடம் கேட்கப்படுவதைவிடத் தாயிடமே அதிகம் கேட்கப்படுகின்றன. தானாக டம்ளரில் குடிக்கிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா, தெருவில் தனியே போய்வருகிறானா, கடையில் சாமான் வாங்கிவருகிறானா?

இந்தக் கேள்விகளைத் தோட்டத்து வீட்டில் வாழும் ஒரு குடும்பத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு நாலு காடு தாண்ட வேண்டும். கடை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். லாரி ஓடும் அந்தச் சாலையை எந்தப் பிள்ளையையும் தனியே கடக்க விடமாட்டார்கள். ‘போனதில்லீங்க’ என்று தாய் சொல்வது பிள்ளையின் திறனைப் பற்றிய விடையா, இடத்தைப் பற்றிய விடையா என்பதை எதிரே இருக்கும் உளவியலாளர் அந்தச் சில நிமிடங்களில் பிரித்தறிய வேண்டும். முகாம் நாளில் வெளியே வரிசை நீண்டிருக்கும்போது அது எளிதன்று. ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவற்றோடு ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த வரிசையில் நிற்பவர்கள். 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது இந்த அலைச்சலை ஓரளவு குறைக்கும் வாய்ப்பைத் தந்திருக்கிறது.

சான்றிதழ் கிடைத்தபின் வருவது பராமரிப்பு உதவித்தொகை. தமிழ்நாட்டில் இது இப்போது மாதம் 2,000 ரூபாய். வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயானது. 1,200க்கு 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. சட்டம் வைத்த தளத்தின்மேல் அந்த ஓய்வூதியம் நிற்கிறது, அதற்கு மேலே எழவில்லை. பராமரிப்பு உதவித்தொகை அதைவிடக் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உயர் ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென 1,000 ரூபாய் தரும் திட்டமும் வந்திருக்கிறது. பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் உள்ள குடும்பத்துப் பெண்ணும் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023இல் விதி வகுத்ததும் நல்ல முடிவு.

ஒன்றிய அரசின் பங்கு இவற்றோடு ஒப்பிடத் தக்கதன்று. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 80 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வயது வந்தவருக்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அது மாறவில்லை. இந்தத் துறையில் சுமை மாநிலங்களின் தோளில்தான் இருக்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2024இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக்கியது. தெலங்கானா அதற்கு முந்தைய ஆண்டிலேயே 4,016 ரூபாயாக்கியிருந்தது. தமிழ்நாடு பிறரைவிட முன்னே நிற்கிறது என்ற பேச்சு, அண்டை மாநிலங்களைக் கணக்கில் எடுத்தால், தொகை அளவில் இனிச் செல்லாது.

2,000 ரூபாயால் என்ன ஆகும்? 2025-26இல் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். ஒரு மாதத்து உதவித்தொகை அதில் ஆறு நாள் கூலிக்குச் சமம். வீட்டோடு நின்றுவிட்ட தாய் இழப்பது மாதம் 20, 25 நாள் கூலி. ஆக இந்தத் தொகை மருந்துக்கும் பேருந்துக்கும் சோப்புக்கும் உதவும்; இழந்த கூலியை ஈடுகட்டாது. இத்தொகையைப் பன்மடங்காக்கினாலும், பணத்தைக் கொடுத்து வாங்குவதற்கு ஊரில் ஒரு சேவை இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரோ பகல்நேர மையமோ இல்லாத இடத்தில் பணம் சேவையாக மாறுவதில்லை.

5. இரண்டாம் வழி: நிறுவனத்துக்கு மானியம்

தமிழ்நாடு அரசு நேரடியாக நடத்தும் சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் பார்வை, செவிக் குறைபாடுகளுக்கானவை. அறிவுசார் குறைபாட்டுக்கு அரசே நடத்தும் நிறுவனம் சென்னை தாம்பரத்தில் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் இப்பணி தொண்டு நிறுவனங்களிடம் விடப்பட்டிருக்கிறது. ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள், சிறப்புப் பள்ளிகள், 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான இல்லங்கள் ஆகியவற்றுக்கு அரசு சிறப்பாசிரியர், இயன்முறைச் சிகிச்சையாளர் மதிப்பூதியத்தையும் உணவூட்டு மானியத்தையும் தருகிறது. அந்த மதிப்பூதியம் அண்மை ஆண்டுகளில் 14,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஒன்றிய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டமும் இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான்.

இந்த வழி தமிழ்நாட்டில் உருவாக்கிய சாதனைகள் சிறியவையல்ல. சென்னையில் 1953இல் தொடங்கிய பால விகார், 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த வித்யாசாகர், ‘உபநயன்’ என்ற ஆரம்பநிலைப் பயிற்சி முறையை வளர்த்தெடுத்த மதுரம் நாராயணன் மையம் ஆகியவை நாட்டுக்கே முன்மாதிரிகள். ஊரகத்தில், தென்காசிக்கருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், வீடு தேடிச் செல்லும் பணியாளர்களைக் கொண்டு சுற்றுவட்டக் கிராமங்களுக்கே பயிற்சியைக் கொண்டுசென்றது.

ஆனால் இந்தப் பட்டியலே சிக்கலையும் காட்டுகிறது. நிறுவனம் எங்கே தோன்றும் என்பதை அரசு தீர்மானிப்பதில்லை. அக்கறையும் வசதியும் உள்ள ஒரு பெற்றோரோ மருத்துவரோ மதச் சபையோ எங்கே இருக்கிறதோ அங்கே தோன்றும். மானியம் அதன் பின்னால் போகும். கட்டடம், பதிவு, சில ஆண்டு அனுபவம் ஆகியவை இருந்தால்தான் விண்ணப்பமே செய்ய முடியும். ஆகவே ஏற்கெனவே சேவை உள்ள நகரத்துக்கு மேலும் நிதி வருகிறது. சேவை இல்லாத ஒன்றியத்துக்கு, விண்ணப்பிக்க ஆளில்லாத காரணத்தால், நிதி வருவதில்லை. ஆய்க்குடி போன்ற விதிவிலக்கு, ஒரு தனிமனிதரின் உழைப்பால் அமைந்தது. அது எல்லா ஒன்றியத்திலும் அமையும் என்று கொள்கை வகுக்க முடியாது.

6. மூன்றாம் வழி: பள்ளி, அது முடியும் வயது

உண்மையில் அரசின் கை ஊர்வரை நீளும் ஒரே வழி பள்ளிக் கல்வித் துறை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அதில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்குச் சென்று பார்ப்பது, பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவது, பகல்நேர மையம் நடத்துவது, ஆண்டுதோறும் மருத்துவ முகாம் கூட்டுவது எல்லாம் அவர்கள் பணி. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 2012 திருத்தம் வீட்டுவழிக் கல்வியைக் கடுமையான குறைபாடுள்ள குழந்தையின் உரிமையாக்கியது.

இங்கும் குறைகள் உண்டு. சிறப்பாசிரியர்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல்நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பணியிடங்களை முறைப்படி அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. குறைகள் இருந்தும் இந்த வழிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. புதுச்சத்திரம் ஒன்றியத்தின் கடைக்கோடிக் கிராமத்துக் குழந்தைக்கும் பொறுப்பான அலுவலர் யார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது.

அந்தப் பொறுப்பு 18 வயதில் முடிகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரை என்கிறது. பள்ளிக் கல்வித் திட்டமும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம், குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் தருவது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பது 2018 வழிகாட்டுதல். குறைபாடு நிரந்தரமானது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ளும் அதே வயதில், ஊர்வரை வந்த சேவையை அரசே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதன் பிறகு வாழவிருக்கும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மிஞ்சுவது மாதம் 2,000 ரூபாய் மட்டுமே. அந்த ஆண்டுகளில்தான் தாய்க்கும் வயதாகிறது. வளர்ந்த ஆளைத் தூக்கவோ தாங்கவோ அவர் கையில் வலு குறைகிறது.

பெற்றோருக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு அரசிடம் விடையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தன் ஊழியர்களுக்கு அது விடை சொல்லியிருக்கிறது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஓர் அரசு ஊழியரின் மகனோ மகளோ சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத குறைபாடு உடையவராக இருந்தால், பெற்றோருக்குப் பின் அவருக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படியும் சேரும். வாழ்நாள் ஆதரவு என்ற கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டிருப்பதற்கு இதுவே சான்று. கோழிப்பண்ணைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தக் கொள்கை பொருந்தாது என்பதற்கு நிதிக் காரணம் சொல்லலாம்; நியாயக் காரணம் சொல்வது கடினம். பண்ணைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் தொகையில் அகவிலைப்படி என்ற ஏற்பாடே கிடையாது; அரசு அறிவிக்கும்போது மட்டுமே உயரும்.

7. இரண்டு எதிர்வாதங்கள்

பணத்தை நேரடியாகக் குடும்பத்திடம் தருவதே சிறந்தது, இடைத்தரகும் ஊழலும் இல்லை, தேவை எதுவென்று குடும்பத்துக்குத் தெரியும் என்பது ஒரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வரும் தொகை குடும்பத்துக்குள் அந்தப் பிள்ளையின் மதிப்பையும் சற்று உயர்த்துகிறது. ஆனால் சந்தை உள்ள இடத்தில்தான் பணம் தெரிவு ஆகும். ஆஸ்திரேலியா 2013இல் தொடங்கிய தேசியக் குறைபாட்டுக் காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொருவருக்கும் தனி நிதி ஒதுக்கி, சேவையைத் தாமே தேர்ந்துகொள்ளச் செய்தது. செல்வமும் பயிற்சி பெற்ற பணியாளரும் மிகுந்த அந்த நாட்டிலேயே, தொலைதூர ஊரகத்தில் நிதி இருந்தும் சேவையாளர் இல்லாமல் பணம் செலவாகாமல் கிடப்பது தொடர்ந்து பேசப்படும் குறை.

தொண்டு நிறுவனங்களுக்கு இருக்கும் கனிவு அரசு அலுவலகத்துக்கு வராது என்பது இரண்டாவது வாதம். பல பெற்றோர் இதையே சொல்வார்கள். எனினும் கனிவு என்பது நடத்துபவரைச் சார்ந்தது. சேவை இருக்கிறதா என்பது இடத்தைச் சார்ந்தது. அரசு இடத்தை உறுதிசெய்து, நடத்தும் பொறுப்பைத் தகுந்த அமைப்பிடம் ஒப்படைக்கத் தடை ஏதும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் விவாதம் நகராமல் நிற்கிறது.

8. கேரளத்தின் ‘பட்ஸ்’

ஊரை அலகாக வைத்துச் சிந்தித்ததற்கு அண்டை மாநிலத்தில் சான்று இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் 2004இல் தொடங்கிய ‘பட்ஸ்’ பள்ளி, உள்ளாட்சி அமைப்பும் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பும் சேர்ந்து நடத்துவது. இடமும் கட்டடமும் ஊராட்சியின் பொறுப்பு. செலவு உள்ளாட்சியின் திட்ட நிதியிலும் மாநில நிதியிலும் இருந்து வருகிறது. குழந்தைகளுக்குப் பள்ளியாகவும், 18 வயது கடந்தோருக்கு மறுவாழ்வு மையமாகவும் இருவகையாக இம்முறை பரவியது. பராமரிப்பவருக்கென ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அங்கே உண்டு.

அதை அப்படியே பெயர்த்து நடுவது பயன் தராது. கேரள ஊராட்சிகளுக்கு 1990களின் மக்கள் திட்டம் முதல் கிடைத்த திட்ட நிதியும் அதிகாரமும் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு இல்லை. அங்கேயும் ஆசிரியர் ஊதியம், தொகை நிலுவை பற்றிய குறைகள் இருக்கின்றன. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிதி முறையை: ஒரு நிறுவனம் கேட்டதால் வராமல், ஓர் இடத்தில் மக்கள் இருப்பதால் வரும் நிதி.

9. ஓர் ஒன்றியத்தின் கணக்கு

இதைத் தமிழ்நாட்டில் செய்ய எவ்வளவு ஆகும்? தோராயமாகப் பார்க்கலாம். ஓர் ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேர மையம்; அதில் இரண்டு சிறப்பாசிரியர், ஓர் இயன்முறைச் சிகிச்சையாளர், இரண்டு உதவியாளர். முன்சொன்ன 18,000 ரூபாய் மதிப்பூதியத்தை மூவருக்கும், உதவியாளருக்குத் தலா 12,000 ரூபாயும் வைத்தால் மாதம் 78,000, ஆண்டுக்கு 9.36 லட்சம். வேன், வாடகை, மதிய உணவு, பயிற்சிப் பொருள்களுக்கு அதே அளவும் சற்றுக் கூடுதலும் சேர்த்தால் 20 லட்சம் ரூபாய். மாநிலத்தின் 388 ஒன்றியங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 77.6 கோடி. பராமரிப்பு உதவித்தொகை பெறுவோர் மாநிலத்தில் 2 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஆகும் செலவு குறைந்தது 480 கோடி. அந்தத் தொகையில் ஒரு காசும் குறைக்காமல், அதில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்கினால் ஒன்றியத்துக்கு ஒரு மையம் வந்துவிடும். 30 அல்லது 40 பேர் வரும் ஒரு மையம் எல்லோருடைய தேவையையும் தீர்க்காது. ஆனால் அத்தனை வீடுகளில் ஒருவர் மீண்டும் வேலைக்குப் போக முடியும்.

இதற்கான கட்டமைப்பின் ஒரு பகுதி உருவாகிவருகிறது. 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த ‘உரிமைகள்’ திட்டம், வீடுவீடாகக் கணக்கெடுப்பதையும் மறுவாழ்வுச் சேவைகளை ஒரே கூரையின்கீழ் தரும் மையங்களை அமைப்பதையும் நோக்கமாகக் கொண்டது. ‘விழுதுகள்’ என்ற பெயரில் அத்தகைய மையங்கள் திறக்கப்படுகின்றன. சேவை நிறுவனத்தைத் தேடிப் போகாமல் இடத்தைத் தேடி வரவேண்டும் என்ற சிந்தனை அரசின் திட்டத்துக்குள் நுழைந்தது இதுவே முதன்முறை என்று சொல்லலாம். ஆனால் இது கடனால் நடக்கும், முடிவு தேதி உள்ள திட்டம். சிகிச்சை மையத்துக்கு வாரம் ஒருமுறை போய்வருவதும், பகல் முழுதும் இருக்க ஓர் இடம் கிடைப்பதும் வேறு வேறு தேவைகள். முதலாவது குழந்தைக்கு உதவும். 18 வயது கடந்தவருக்கு இரண்டாவதே வேண்டும். திட்ட காலம் முடிந்தபின் பணியாளர் ஊதியம் மாநிலத்தின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுமா என்பதில்தான் இம்முயற்சியின் ஆயுள் இருக்கிறது.

இன்னொரு வாய்ப்பு 2025 ஏப்ரலில் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டப்பேரவை சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. 12,913 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள், 37 மாவட்ட ஊராட்சிகள், 650 நகர்ப்புற அமைப்புகள் என்று அரசு கணக்குச் சொன்னது. நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே முடிந்திருந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அவை மீண்டும் அமையும்போது, ஒன்றியக் குழுவில் அமரப்போகும் அந்த ஓர் உறுப்பினர் தமக்காகப் பேச இயலாத அறிவுசார் குறைபாடுள்ளோருக்காகவும் பேச வேண்டியிருக்கும். பேசுவதற்கு அவர் கையில் ஒரு தலைப்பு வேண்டும். ஒன்றியத்தின் வரவுசெலவில் இதற்கென்று ஒரு கணக்குத் தலைப்பு இல்லாதவரை, அவருடைய குரல் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படும் இன்னொரு மனுவாகவே முடியும்.

இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். உதவித்தொகையை விலைவாசியோடு பிணைக்க வேண்டும். அரசு ஊழியரின் ஓய்வூதியத்தில் இருக்கும் முறை இதற்குப் புதிதல்ல. 18 வயதில் பள்ளிக் கல்வித் துறை கைவிடும் பெயரை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அதே நாளில் ஏற்றுக்கொள்ளும் ஒப்படைப்பு விதி வேண்டும். வட்டார வள மையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவதாக, தொண்டு நிறுவன மானியத்தின் ஒரு பகுதியை, விண்ணப்பம் வந்ததா என்று பாராமல், ஒன்றியத்துக்கு ஒன்று என்ற அளவில் ஒதுக்க வேண்டும். முதலாவதற்குப் பெரிய தொகை வேண்டும், இரண்டாவதற்கு ஓர் அரசாணை போதும், மூன்றாவதற்கு 77 கோடி ரூபாய் அளவில் வேண்டும். செலவே இல்லாத இரண்டாவதிலிருந்து தொடங்காமல் இருப்பதற்கு எந்த அரசும் நிதி நெருக்கடியைக் காரணமாகக் காட்ட முடியாது.